மறுமொழி: குதிரையேற்றக் கலைச்சொற்கள் – ‘பிட்’டுக்குத் தனிச்சொல் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

குதிரையேற்றக் கையேட்டுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச்சொல் பட்டியலைப் பற்றிய பேச்சில் ஒரு நண்பர் இப்படிக் கேட்டிருந்தார்:

> பிட், பிரைடில், ரெயின் மூன்றுக்கும் கடிவாளம் என்பதே போதும். புழங்குகிற சொல்லை எதற்குக் கலைக்க வேண்டும்?

புழங்குகிற சொல்லைக் கலைக்க எனக்கும் மனமில்லை. ஆனால் இந்த ஒரு சொல்லின் தலையில் நாம் நான்கு பொருள்களை ஏற்றி வைத்திருக்கிறோம். குதிரையின் வாய்க்குள் கிடக்கும் தண்டு (பிட்) கடிவாளம். அதைத் தாங்கித் தலையைச் சுற்றி வரும் பிரைடில் வார்களும் கடிவாளம். சவாரி செய்பவர் கையில் பிடிக்கும் ரெயினும், அதாவது லகானும், அதுவே. போதாததற்கு, வண்டிக் குதிரைக்குக் கண்ணோரம் கட்டும் மறைப்பையும் ‘கடிவாளம் கட்டிய குதிரை மாதிரி’ என்று எழுதுகிறோம். வேறு சிலர் அதையே ‘சேணம் கட்டிய குதிரை’ என்கிறார்கள். கதை எழுத இது போதும். புதிதாகக் கற்பவருக்கான கையேட்டில் ‘கடிவாளம் அளவாக இருக்கிறதா பாருங்கள்’ என்று எழுதினால் அவர் எதைப் பார்ப்பார்?

வாரின் அளவு தப்பினால் அடுத்த துளையில் மாட்டிச் சரிசெய்துவிடலாம். வாய்க்குள் போகும் பொருள் அப்படியல்ல. குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளி உண்டு. தண்டு அங்கேதான், நாக்கின் மேலும் ஈறின் மேலும், அமர்கிறது. அந்த ஈறு மிக மெல்லியது. அடியில் உடனே எலும்பு. தண்டு குட்டையாக இருந்தால் உதட்டோரத்தைக் கிள்ளும். நீளமாக இருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் பக்கவாட்டில் நழுவி உரசும். இருபுறமும் உதட்டுக்கு வெளியே சுமார் அரை சென்டிமீட்டர் தெரிய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கடையில் ஐந்து, ஐந்தேகால், ஐந்தரை அங்குலம் என்று கேட்டு வாங்குவது இந்தத் தண்டின் அளவைத்தான். தண்டு மெலிய மெலிய அழுத்தம் ஒரே கோட்டில் குவியும், ஆகவே மெல்லியது கடுமையானது. அதற்காகத் தடித்ததை மாட்டிவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை. வாய் சிறுத்து நாக்கு தடித்த குதிரைக்கு அதுவே அடைப்பாகிவிடும். இவ்வளவு யோசித்து வாங்க வேண்டிய ஒரு பொருளுக்குத் தனிப்பெயர் இல்லை என்பதுதான் என் கவலை.

இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘வாயிரும்பு’ கேட்டவுடனே புரிகிறது. ஆனால் இன்று ரப்பரிலும் நைலானிலும் தண்டு வருகிறது. ‘ரப்பர் வாயிரும்பு’ என்று எழுத நேரும். ‘கடிகோல்’ எனக்கு ஒப்பவில்லை. குதிரை அதைக் கடிக்கக் கூடாது. பல்லால் கவ்விக்கொண்டுவிட்டால் கையில் இருக்கிற பிடியே போய்விடும். ‘கலினம்’ வடசொல் என்பதற்காக நான் மறுக்கவில்லை. அதுவும் கடிவாளம் என்ற பொதுப்பொருளிலேயே வழங்கியது, ஆகவே சிக்கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

என் பரிந்துரை ‘கறுழ்’.

புறநானூற்றின் நான்காம் பாட்டில் இருக்கிறது. சோழன் உருவப்பஃறேர் இளஞ்சேட்சென்னியைப் பரணர் பாடியது. வாள், கழலணிந்த தாள், கேடயம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, குதிரையிடம் வரும்போது ‘கறுழ் பொருத செவ்வாயான்’ என்கிறார். வீரன் இடமும் வலமும் திருப்பத் திருப்ப, கறுழ் உரசி வாய் சிவந்துபோன குதிரைகள், இரையின் கழுத்தைக் கவ்விய புலிபோல் தெரிகின்றனவாம். அகராதிகள் கறுழுக்குக் கடிவாளம் என்றே பொருள் தருகின்றன. ஆனால் பாட்டைப் பாருங்கள்: வாயோடு பொருவது தலையில் கட்டிய வாராக இருக்க முடியாது, கையில் பிடித்த வாராகவும் இருக்க முடியாது. வாய்க்குள் கிடப்பது மட்டுமே வாயைச் சிவக்க வைக்கும். நாம் தேடுகிற பொருளையே, அது செய்யக்கூடிய காயத்தோடு சேர்த்துப் பரணர் காட்டிவிட்டார். இரும்பு, கோல் என்று எந்த மூலப்பொருளோடும் வடிவத்தோடும் சொல் கட்டுப்படவும் இல்லை.

‘யாருக்கும் தெரியாத சொல்’ என்ற மறுப்பு வரும். பிட் என்பதும் குதிரைப் பக்கம் போகாதவருக்குத் தெரியாத சொல்தான். சினிமா பிட், பரீட்சை பிட் என்று வேறு நினைப்புதான் வரும். கற்பவர் எப்படியும் ஒரு புதுச்சொல் கற்கத்தான் போகிறார்.

கறுழை ஏற்றுக்கொண்டால் கிளைச்சொற்கள் எளிதாக வருகின்றன. ஸ்னாஃபிள் வகையை ‘நேர்க்கறுழ்’ எனலாம்: கை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவே வாய்க்குப் போகும். நடுவில் மூட்டு இருந்தால்தான் ஸ்னாஃபிள் என்று பலர் எண்ணுகிறார்கள். மூட்டில்லாத நேர்க்கறுழும் உண்டு. கர்ப் வகைக்கு ‘நெம்புகறுழ்’. அதில் வாய்க்கு வெளியே கீழ்நோக்கி நீளும் கைகள் இருக்கும், லகான் அதன் நுனியில் மாட்டும், ஆகவே சிறு இழுப்பும் பெருகித் தாடையையும் உச்சந்தலையையும் அழுத்தும். புதியவர் கையில் இதைக் கொடுக்கக் கூடாது. பெயரிலேயே நெம்பு என்று இருப்பது ஓர் எச்சரிக்கையாகவும் உதவும்.

கடிவாளம் என்ற சொல்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தலைவார், கறுழ், லகான் மூன்றும் சேர்ந்த முழுத் தொகுதிக்கு அதை வைத்துக்கொள்வோம். அப்போது பிட்லெஸ் பிரைடிலுக்கு ‘கறுழில்லாக் கடிவாளம்’ என்று தயங்காமல் எழுதலாம். இன்றைய நிலையில் ‘கடிவாளம் இல்லாத கடிவாளம்’ என்றல்லவா எழுத வேண்டியிருக்கிறது!

ரெயினுக்கு ‘வள்பு’ கேட்ட நண்பருக்கு: அகநானூற்றின் நான்காம் பாட்டில் தேர்க்குதிரையின் வாருக்கு வரும் அழகான சொல்தான். ஆனால் ‘லகானை விடாதே’ என்றால் எல்லாருக்கும் புரிகிறது. உயிரோடு ஒரு சொல் இருக்கும்போது பழையதைத் தேடிப் போக வேண்டாம். கறுழை நான் கேட்பது அந்த இடம் காலியாக இருப்பதால்தான்.

மற்றவை சுருக்கமாக. நோஸ்பேண்டுக்கு ‘மூக்குவார்’, சேணத்தை வயிற்றோடு இறுக்கும் கர்த்துக்கு ‘வயிற்றுவார்’. மூக்கெலும்புக்கும் மூக்குவாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பதைக் கையேட்டில் அழுத்தமாகச் சொல்லுங்கள். வாயைத் திறக்க விடாமல் இறுக்கிக் கட்டுவது கறுழின் வலியை மறைக்கிற வேலை. சேணமும், கால் வைக்கும் அங்கவடியும் அப்படியே இருக்கட்டும். அங்கவடி காலணியின் அகன்ற பகுதியைவிட ஓர் அங்குலம் அகலமாக இருக்க வேண்டும், விழும்போது கால் சிக்காமல் வர. சேணத்துக்குள் இருக்கும் ட்ரீக்கு ‘சேணச்சட்டம்’ என்பதை ஏற்கிறேன்.

சொல் முடிவாகாமல் நிற்பது விதர்ஸ். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் அந்த மேட்டைத் தொடாமல், சேணத்தின் முன்வளைவு இரண்டு மூன்று விரல் உயரத்தில் நிற்க வேண்டும். சட்டம் தேவைக்கு மேல் அகலமானால் சேணம் இறங்கி அங்கேதான் புண்ணாகும். திமில் மாட்டுக்கு உரியது. ‘தோள்மேடு’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன், நிறைவாக இல்லை. ஜட்கா வண்டி ஓட்டிய குடும்பத்தாரோ லாயத்தில் வேலை பார்த்தவர்களோ உங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்த இடத்தை அவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அது வரும்வரை பட்டியலில் அந்த வரியைத் திறந்தே வைக்கிறேன்.

அன்புடன்