குரோம்பேட்டையா, கூடுவாஞ்சேரியா? வீடு வாங்க ஆலோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. 10 வருடமாகச் சென்னை குரோம்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம், இப்போது சொந்த வீடு வாங்கலாம் என்று முடிவு. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் (ஒன்று ஆறாவது, ஒன்று யுகேஜி), அப்புறம் என் அம்மா.

எங்கள் பட்ஜெட்டுக்குக் குரோம்பேட்டையில் கிடைப்பது 25 வருடப் பழைய இரண்டு பெட்ரூம் ஃப்ளாட், லிஃப்ட் கிடையாது, அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனால் பள்ளி, டாக்டர், மார்க்கெட், ஸ்டேஷன் எல்லாம் நடக்கிற தூரம். அதே பணத்துக்குக் கூடுவாஞ்சேரியில், ஸ்டேஷனிலிருந்து 4 கிலோமீட்டர் உள்ளே, புதிய தனி வீடே வருகிறது. மண் ரோடு, பாதாளச் சாக்கடை இல்லை, ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஆட்டோ கிடைப்பது கஷ்டம். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்ததிலிருந்து ஏரியா வளர்ந்துவிடும் என்கிறார்கள், சரி, ஆனால் அது வளர்வதற்குள் என் பையன் பள்ளியையே முடித்துவிடுவானே!

எனக்கு வேலை கிண்டியில், இரண்டு இடத்திலிருந்தும் நேரடி ரயில் உண்டு, அதனால் என்னைப் பற்றிக் கவலையில்லை. பயமெல்லாம் தண்ணீர்தான். 2015 மழையில் முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியதைப் பார்த்தவன் நான்.

கூடுவாஞ்சேரி பக்கம் குழந்தைகளோடு குடிபோனவர்கள் சொல்லுங்கள்: மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கிறதா? கோடையில் போர் தண்ணீர் வருகிறதா, லாரிதானா? பழைய ஃப்ளாட் வாங்கியவர்கள், வங்கிக் கடனில் சிக்கல் வந்ததா, யுடிஎஸ் (நிலத்தில் நம் ஃப்ளாட்டுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு இருந்தால் நல்லது? அடுத்த வாரத்துக்குள் அட்வான்ஸ் தரச் சொல்கிறார்கள்.