பொருள்: ஹெல்மெட்டுக்குள் வைக்கும் ஹெட்செட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

பாராகிளைடிங் பழகுவோருக்கு ஒரு செய்முறைக் கையேடு தமிழில் தயாராகிறது. தலைக்கவசத்துக்குள் இரண்டு ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் பொருத்தி, பறப்பவர் உடலில் கட்டும் பட்டை அமைப்பான ஹார்னஸில் மாட்டியிருக்கும் வாக்கி டாக்கியோடு இணைப்பதுதான் வேலை. மைக்குக்கு ஒலிவாங்கி உண்டு. ஹெல்மெட்டுக்குத் தலைக்கவசம் நிலைத்துவிட்டது. 'டூ-வே ரேடியோ ஹெட்செட்' என்ற இடத்தில்தான் கையேடு நிற்கிறது.

வரைவில் இதுவரை வந்த சொற்கள்: இருவழி வானொலித் தலையணி, கவச வானொலி, தலைபேசி, கவசப்பேசி. எனக்குக் கவசப்பேசி பிடித்திருக்கிறது. சின்னச் சொல், வாயில் நிற்கிறது. பேசும்போது அழுத்திப் பிடிக்கும் பி.டி.டி. பொத்தானுக்கும் ஒரு பெயர் வேண்டும். கருத்து சொல்லுங்கள்.

* * *

மறு: ஹெல்மெட்டுக்குள் வைக்கும் ஹெட்செட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

> எனக்குக் கவசப்பேசி பிடித்திருக்கிறது.

சொல் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. ஆனால் இந்தக் கையேட்டைப் படிப்பவர் அடுத்த நிமிடம் சால்டரிங் அயர்னைக் கையில் எடுப்பார். 'கவசப்பேசியின் கம்பியை இணைக்கவும்' என்றால் எதன் கம்பியை என்று அவருக்குத் தெரிய வேண்டும். இங்கே இருப்பவை மூன்று பொருள்கள். அலையை வாங்கவும் அனுப்பவும் செய்யும் செட், விரலில் கட்டும் பொத்தான், தலைக்கவசத்துக்குள் இருக்கும் காதும் வாயும். நாம் பெயர் தேடுவது மூன்றாவதற்கு மட்டும். 'கவச வானொலி' என்றால் செட்டே தலைக்குள் போய்விட்டது போல ஆகிவிடும். பேட்டரியோடு கூடிய செட்டைத் தலைக்கவசத்துக்குள் வைக்கவே கூடாது. லித்தியம் பேட்டரி அடிபட்டால் தீப்பிடிக்கலாம். போதாததற்கு வானொலி என்றால் நம் ஊரில் கேட்கிற பெட்டி மட்டும்தான்.

'தலைபேசி', 'கவசப்பேசி' இரண்டும் தொலைபேசியின் நிழலில் நிற்கின்றன. படிப்பவர் வீட்டில் கிடக்கும் செல்போன் ஹெட்செட்டை எடுத்து வெட்டி ஒட்டுவார். அங்கேதான் பெரிய தப்பு நடக்கும். செல்போன் ஹெட்செட்டில் ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் எர்த் ஒன்றே. பாவ்ஃபெங் யுவி-5ஆர் போன்ற வாக்கி டாக்கி செட்டுகளில் வரும் கென்வுட் வகை இரட்டை முள் செருகியில் அப்படி இல்லை. 2.5 மி.மீ. முள்ளின் முனை ஸ்பீக்கர் பிளஸ், அடிப்பகுதி ஸ்பீக்கர் மைனஸ். 3.5 மி.மீ. முள்ளின் நடுவளையம் மைக் பிளஸ், அடிப்பகுதி மைக் மைனஸ். இரண்டு முள்ளின் அடிப்பகுதிகளும் ஒன்றையொன்று தொட்டால் செட் ஒலிபரப்பத் தொடங்கிவிடும். பி.டி.டி. பொத்தான் செய்கிற வேலையே அவ்வளவுதான், அந்த இரண்டையும் தொடவைப்பது. பொது எர்த் உள்ள ஹெட்செட்டை மாட்டினால் பொத்தானை யாரும் தொடாமலே செட் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். அந்த அலைவரிசையில் வேறு யார் குரலும் வராது. கீழிருந்து பயிற்றுநர் 'இடது பிரேக்கை இழு' என்று கத்தினாலும் மேலே கேட்காது.

அதனால் தலைக்கவசத்திலிருந்து வெளியே வரவேண்டிய கம்பிகள் நான்கு, மூன்று அல்ல. ஸ்பீக்கருக்கு இரண்டு, மைக்குக்கு இரண்டு. உள்ளே எங்கேயும் இரண்டு மைனஸையும் சேர்க்கக் கூடாது. தலைக்கவச விளிம்புக்கு ஒரு சாண் கீழே நான்கு முனை உள்ள 3.5 மி.மீ. ஆண்-பெண் இணைப்பு ஒன்று வையுங்கள். மரத்திலோ கயிற்றிலோ கம்பி சிக்கினால் அது கழன்றுகொள்ள வேண்டும், கழுத்தை இழுக்கக் கூடாது.

என் பரிந்துரை: கேட்கவும் பேசவும் ஒருசேர உதவும் அந்த உறுப்புக்குக் கேள்பேசி. தலைக்கவசத்தில் இருந்தால் கவசக் கேள்பேசி. பி.டி.டி.க்குப் பேச்சுவிசை. வாக்கி டாக்கியை வாக்கி டாக்கி என்றே விடலாம். காவலர் முதல் கல்யாண மண்டபக் காவலாளி வரை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

* * *

மறு: மறு: ஹெல்மெட்டுக்குள் வைக்கும் ஹெட்செட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

ஐயா, கேள்பேசியை வரவேற்கிறேன். ஒரு இலக்கணக் கேள்வி வரும், இப்போதே பேசிவிடுவோம். முள் + செடி முட்செடி ஆவது போலக் கேட்பேசி என்று வரவேண்டாமா என்று கேட்பார்கள். முட்செடி வேற்றுமைப் புணர்ச்சி. இங்கே 'கேள்' வினைப்பகுதி, தொடர் அல்வழி. ளகர ஈற்றின் முன் வல்லினம் வந்தால் அல்வழியில் திரிந்தும் திரியாமலும் வரலாம் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. கொள்கலம் என்றுதானே எழுதுகிறோம், கொட்கலம் என்றா எழுதுகிறோம்? கேள்பேசி நிற்கும். 'கேட்பேசி' என்று எழுதினால் 'கேட்' என்ற ஆங்கிலச் சொல் போலவும் கண்ணில் படும்.

தலையணி வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. வேகமாகப் படிக்கும்போது தலையணை என்று படிகிறது. மகுடத்துக்கும் பூவுக்கும்கூட அது பொருந்தும்.

ஆனால் ஒரு வரம்பு வைக்க வேண்டும். மைக் இல்லாமல் கேட்க மட்டும் செய்யும் அமைப்பைக் கேள்பேசி என்று சொல்லக் கூடாது. அமெரிக்கக் கால்பந்தில் 1956இல் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணிப் பயிற்றுநர் பால் பிரவுன், களத்தில் ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் ஜார்ஜ் ராட்டர்மனின் தலைக்கவசத்துக்குள் வைத்தது வெறும் அலைவாங்கி. ஒஹையோவைச் சேர்ந்த இருவர் கையால் செய்து கொடுத்தது அது. பயிற்றுநர் பேசுவார், ஆட்டக்காரர் கேட்பார், பதில் பேச வழியில்லை. அந்த ஆண்டே லீக் தலைவர் பெர்ட் பெல் தடை போட்டார். 1994இல் அனுமதி திரும்பக் கிடைத்தபோதும் ஒருவழிதான். இன்றும் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கக் கெடு வைக்கும் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது குரல் துண்டிக்கப்படும். அலைவாங்கி உள்ள தலைக்கவசத்தின் பின்புறம் பச்சைப் புள்ளி இருக்கும். இதற்குக் 'கேட்பி' என்ற சொல் போதும். பாராகிளைடிங்கில் முதல் சில பறப்புகளுக்குக் கேட்பி மட்டுமே கட்டிவிடுகிற பயிற்சிப் பள்ளிகளுக்கும் அதே சொல் உதவும்.

* * *

மறு: மறு: மறு: ஹெல்மெட்டுக்குள் வைக்கும் ஹெட்செட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

கேட்பி – கேள்பேசி இணை அருமை. அதையே வைத்துக்கொள்வோம்.

இப்போது கையேட்டின் மீதிப் பகுதி. வரைவில் 'ஸ்பீக்கருக்கு இடம் போதாவிட்டால் உள் தெர்மக்கோலைச் சற்றுச் செதுக்கவும்' என்று ஒரு வரி பார்த்தேன். அதை உடனே எடுத்துவிடுங்கள் தம்பி. அடியைத் தாங்கி நசுங்கி மண்டைக்கு வரும் வேகத்தைக் குறைப்பதே அந்தத் தெர்மக்கோல் அடுக்குதான். 5 மி.மீ. செதுக்கினாலும் அந்த இடத்தில் நசுங்க இடம் குறைந்துவிடும். வான் விளையாட்டுத் தலைக்கவசத்துக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 966. எந்தத் தரத்தில் தேறிய தலைக்கவசமும் செதுக்கிய பிறகு அந்தத் தரத்தில் இல்லை. ஓட்டில் துளை போடுவதும் அப்படியே. ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடம் காதுக்கு நேரே உள்ள குழிவு அல்லது காதுமடலை மூடும் துணிப்பட்டை. நெற்றிப்பொட்டுப் பக்கம் கடினமான எதுவும் வரக் கூடாது. 40 மி.மீ. விட்டம், 8 மி.மீ. தடிமனுக்கு மேல் போகாத ஸ்பீக்கர்தான் காதை அழுத்தாமல் உட்காரும்.

ஒட்டுவதற்கு வெல்க்ரோ, அதுவும் துணி உறையின் மேல். ரப்பர் பசையிலும் தின்னர் கலந்த எந்தப் பசையிலும் தெர்மக்கோல் கரைந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே குழி விழுந்திருக்கும். சூடான பசைத் துப்பாக்கியும் அதையே செய்யும்.

ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் 32 ஓம். இரண்டையும் பக்க இணைப்பில் போடுங்கள், 16 ஓம் கிடைக்கும். தொடர் இணைப்பில் போட்டால் ஒரு கம்பி அறுந்தாலும் இரண்டு காதும் செத்துவிடும். ஸ்பீக்கர் பிளஸ் கம்பியில் 100 ஓம், கால் வாட் மின்தடை ஒன்று கட்டாயம் வேண்டும். செட்டின் வெளியீடு முழு ஒலியில் 4 வோல்ட் என்று வையுங்கள். மின்தடை இல்லாவிட்டால் 16 ஓமுக்குள் 1 வாட் இறங்கும், ஸ்பீக்கருக்கு அரை வாட். காதுக்கு ஒட்டி வைக்கும் மெல்லிய ஸ்பீக்கரும் தாங்காது, காதும் தாங்காது. 100 ஓம் போட்டால் இரண்டு ஸ்பீக்கருக்கும் மொத்தமே சுமார் 19 மில்லிவாட். காற்றிரைச்சலை மீறிக் கேட்க அது போதும். போதவில்லை என்றால் 68 ஓமுக்கு இறங்கலாம்.

மைக் 9.7 மி.மீ. எலெக்ட்ரெட் வில்லை. பின்புறம் இரண்டு புள்ளிகளில் எது வெளி உலோக உறையோடு சேர்ந்திருக்கிறதோ அது மைனஸ். சால்டரிங் முனையை மூன்று விநாடிக்கு மேல் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் சின்ன டிரான்சிஸ்டர் போய்விடும். வாயின் ஓரத்தில், உதட்டிலிருந்து இரண்டு செ.மீ.க்குள் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் 'ப', 'ஃப' வரும்போதெல்லாம் மூச்சு வெடிக்கும். மேலே நுரை உறை. இரைச்சல் நீக்கும் வகை மைக் என்றால் பின்புறமும் ஒரு துளை இருக்கும். அதைப் பசையால் அடைத்தால் அது சாதா மைக் ஆகிவிடும்.

செய்து முடித்தவர்களில் பாதிப் பேர் கேட்பது இதுதான்: எனக்கு எல்லோர் பேச்சும் தெளிவாகக் கேட்கிறது, நான் பேசினால் மட்டும் 'கர்ர்ர்' என்கிறார்களே? மைக் மேல் குற்றமில்லை. செட்டின் ஆண்டெனா ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. அதன் அலையை மைக் கம்பி பிடித்துக்கொண்டு வருகிறது, வில்லைக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அதை இரைச்சலாக மாற்றுகிறது. வில்லையின் இரண்டு புள்ளிகளுக்கும் குறுக்கே, கால்கள் முடிந்தவரை குட்டையாக, 100 பிக்கோஃபேரட் செராமிக் மின்தேக்கி ஒன்று வையுங்கள். மைக்குக்கு வலைப்பின்னல் உறை போட்ட கம்பி. செட்டருகே கம்பியின் மேல், அந்த அலையைத் தடுக்கும் ஒரு ஃபெரைட் மணி. இன்னும் கேட்டால் செட்டின் திறனைக் குறைந்த நிலைக்கு மாற்றுங்கள்.

குரலைக் கேட்டுத் தானே இயங்கும் வாக்ஸ் வசதிக்கு, பேச்சுவிசையின் வழியிலேயே குரல்விசை என்று வைக்கலாம். அதைப் பறப்பில் அணைத்தே வையுங்கள் என்று தடித்த எழுத்தில் போடுங்கள். காற்று பட்டாலே அது திறந்துகொண்டு அலைவரிசையை அடைத்துவிடும்.

* * *

மறு: மறு: மறு: மறு: ஹெல்மெட்டுக்குள் வைக்கும் ஹெட்செட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

மிக்க நன்றி அண்ணா, ஐயா. செதுக்கும் வரியை எடுத்துவிட்டேன். சொற்களைப் போட்டுச் சோதனைப் பகுதியைத் திருத்தி எழுதியிருக்கிறேன். பொருள் மயங்குகிறதா பாருங்கள்:

"வாக்கி டாக்கியில் மாட்டும் முன் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துக் கவசக் கேள்பேசியைச் சோதிக்கவும். ஸ்பீக்கர் முனைகளுக்கிடையே, 100 ஓம் மின்தடையையும் சேர்த்து, 115 ஓம் அளவில் காட்ட வேண்டும். 130 காட்டினால் ஒரு ஸ்பீக்கர் அறுந்திருக்கிறது. மைக் மைனஸுக்கும் ஸ்பீக்கர் மைனஸுக்கும் இடையே, பேச்சுவிசையை அழுத்தாதபோது தொடர்பே இருக்கக் கூடாது. அழுத்தினால் 1 ஓமுக்குக் கீழே வரவேண்டும். அழுத்தாமலே தொடர்பு காட்டினால் செட்டில் மாட்ட வேண்டாம். பேச்சுவிசைக்குள் ஈரம் புகுந்திருக்கலாம், அல்லது கேள்பேசிக்குள் இரண்டு மைனஸும் தொட்டுக்கொண்டிருக்கலாம். பேச்சுவிசையை மட்டும் கழற்றிவிட்டு மீண்டும் சோதித்தால் எது என்று தெரிந்துவிடும். செட்டின் நேரக்கெடு அமைப்பை 60 விநாடியில் வைக்கவும். விசை சிக்கிக்கொண்டாலும் ஒரு நிமிடத்தில் ஒலிபரப்பு நிற்கும்."

உரிமம் பற்றியும் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, அதற்கென்றே அனுமதி பெற்ற குறைதிறன் செட்டுக்குத் தனி உரிமம் வேண்டாம். 144 – 146 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கானது, தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள் மட்டுமே அதில் பேசலாம். எந்த அலைவரிசைக்கும் திருப்பிக்கொள்ள முடிகிற செட் கையில் இருப்பதாலேயே எதில் வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆகிவிடாது.

* * *

மறு: மறு: மறு: மறு: மறு: ஹெல்மெட்டுக்குள் வைக்கும் ஹெட்செட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

பத்தி தெளிவாக இருக்கிறது தம்பி. ஒரே ஒரு சேர்க்கை. சில செட்டுகளில் ஸ்பீக்கர் மைனஸ் எர்த்தோடு சேராமல் தனியாக ஓடும். அவற்றில் பேச்சுவிசை தொடவைக்கும் புள்ளி வேறாக இருக்கும். 'இந்த இணைப்பு கென்வுட் வகை இரட்டை முள்ளுக்கு மட்டும்' என்று படத்துக்குக் கீழேயே எழுதிவிடுங்கள். யாராவது வேறு செட்டில் அப்படியே பொருத்தினால் ஒலி பெருக்கும் சில்லு போய்விடும்.

ஸ்குவெல்ச்சுக்கு 'இரைச்சலடக்கி' என்று போட்டிருக்கிறீர்கள். இரைச்சல் நீக்கும் மைக்கோடு அது குழம்பும். ஸ்குவெல்ச் இரைச்சலைக் குறைப்பதில்லை. வேண்டிய அளவு வலுவான அலை வரும்வரை ஸ்பீக்கரை மூடி வைக்கிறது, வந்ததும் திறக்கிறது. ஒலிமடை என்று சொல்லிப் பார்க்கிறேன். 'ஒலிமடையை 3இல் வைக்கவும்', 'ஒலிமடை ஏறியிருந்தால் தொலைவிலிருந்து வரும் மெலிந்த குரல் கேட்காது' என்று எழுதும்போது வாக்கியம் தடுக்காமல் போகிறது. ஐயா என்ன சொல்கிறீர்கள்?