முக்காடு போட்ட பிள்ளைக்கு வாத்தியார் வேலை இல்லையாம்: கியூபெக்கின் 21ஆம் இலக்கச் சட்டம்

மலர்_மொன்றியல்:
என் மகள் இந்த வருடம் ஆசிரியர் படிப்பை முடிக்கிறாள். அவளோடு நான்கு வருடம் ஒன்றாகப் படித்த பிள்ளை ஒருத்தி. தாய் தகப்பன் மொரோக்கோ, அவள் பிறந்தது இங்கேதான். பிரெஞ்சு என் மகளை விட நன்றாகப் பேசுவாள். முக்காடு போடுகிறாள் என்பதால் கனடாவின் இந்தக் கியூபெக் மாகாணத்தில் அரசுப் பள்ளி எதிலும் அவளுக்கு வேலை கிடையாது. 2019 ஜூனில் வந்த சட்டம். ஆசிரியர், பொலிஸ், அரச சட்டத்தரணி யாரும் வேலை நேரத்தில் மதச் சின்னம் அணியக்கூடாது. முன்பே வேலையில் இருந்தவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதே பதவியில் இருக்கும்வரைதான். அதிபராக வேண்டுமென்றால் கழற்ற வேண்டும்.

போன வெள்ளி கோயிலில் இதைச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் “நல்ல வேலை செய்தார்கள்” என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்னொன்று, சட்டம் நகையையும் சேர்த்துத்தான் சொல்கிறது. நாளைக்கு என் மகள் தாலியோடு வகுப்புக்குப் போகலாமா?

கரவெட்டியான்:
தங்கச்சி, நான் 1986இல் வந்து இறங்கியபோது தையல் தொழிற்சாலையில் என்னோடு ஒரு பிரெஞ்சுக் கிழவர் நின்றார். பதினொரு பிள்ளைகள் இருந்த வீடு அவருடையது. பன்னிரண்டாவது எங்கே என்று பாதிரியார் வாசலில் வந்து கேட்பாராம். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் திருச்சபையின் கையில் இருந்த காலம். 1960களில்தான் அதை உதறினார்கள். அமைதிப் புரட்சி என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். சொந்தப் பாதிரியையே வகுப்பறையை விட்டு அனுப்பிய சனத்திடம் போய், மற்றவர்களின் சின்னத்தை மட்டும் உள்ளே விடு என்று எந்த வாயால் கேட்பது? சிலுவை, யூதரின் குல்லா, சீக்கியரின் தலைப்பாகை, எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம். ஏழு மணித்தியாலம் கழற்றி வைத்தால் கடவுள் கோபிக்கமாட்டார்.

எக்லின்டன்_வார்டன்:
சட்டம் ஒன்றுதான் அண்ணை, சுமை ஒன்றா? சிலுவையைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளலாம், யார் இழுத்துப் பார்க்கப்போகிறார்கள்? முக்காட்டை எங்கே ஒளிப்பது?

பாதிரியை அனுப்பிய கதையையும் கொஞ்சம் பார்ப்போம். கியூபெக் சட்டமன்றத்தில் சபாநாயகரின் தலைக்கு மேலே 1936இல் ஒரு சிலுவை மாட்டினார்கள். சிறுபான்மையினரின் மத வழக்கங்களுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று ஆராய அரசே அமைத்த புஷார்-டெய்லர் ஆணைக்குழு 2008இல் அதை இறக்கச் சொன்னது. அறிக்கை வந்த அன்றே சட்டமன்றம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டு, அது எங்கள் மரபு, இருக்கட்டும் என்றது! கடைசியில் 2019இல்தான் இறக்கினார்கள், இந்தச் சட்டம் நிறைவேறிய பிறகு. அடுத்தவள் முக்காட்டில் கைவைக்க வேண்டிய நேரத்தில்தான் சொந்தச் சுவர் கண்ணில் பட்டிருக்கிறது. அதே ஆணைக்குழு பொலிஸுக்கும் நீதிபதிக்கும் தடை கேட்டது, ஆசிரியருக்குக் கேட்கவில்லை. பட்டியலில் ஆசிரியரைச் சேர்த்தது அரசியல். உரிமைச் சாசனத்தில் அடிபட்டுப் போகும் என்று தெரிந்துதான் சாசன உரிமைகள் சிலவற்றை மீறினாலும் சட்டம் நிற்க வழிவிடும் 33ஆம் பிரிவைக் கேடயமாக முன்கூட்டியே போட்டுக்கொண்டார்கள்.

ஒருவரின் மத நம்பிக்கைக்காகப் பொது விதியைக் கொஞ்சம் தளர்த்தும் ‘நியாயமான விட்டுக்கொடுப்பு’ என்பதே முஸ்லிம்களுக்காக வந்தது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். கனடாவில் அதற்கு வழி திறந்தது 1985 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சனிக்கிழமை ஓய்வுநாள் என்பதால் வேலைக்கு வரமாட்டேன் என்ற கடைப் பெண் ஒருவர் போட்ட வழக்கு. அவர் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட், கிறிஸ்தவர்.

கரவெட்டியான்:
சரி, உங்கள் ரொறன்ரோவுக்கே வருகிறேன். 2011இல் வேலி பார்க் பள்ளியில் நடந்தது மறந்துவிட்டதா? வெள்ளிக்கிழமை பள்ளி உணவறையில் தொழுகை. பொடியன்கள் முன்னே, பெண் பிள்ளைகள் பின்னே, மாதவிடாய் வந்த பிள்ளைகள் அதற்கும் பின்னே தனியாக. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளிக்கூடம்! அதற்கு முன்னால் ஒன்டாரியோவில் குடும்ப வழக்குகளுக்கு ஷரியா மத்தியஸ்தம் கேட்டார்கள். ஒரு விரல் கொடுத்தால் கையைக் கேட்பார்கள் என்று பயப்படுகிறவன் இனவாதி இல்லை.

குறும்பன்77:
மாதவிடாய்க்கு ஒதுக்கி வைப்பதைப் பற்றி கரவெட்டிக்காரர் கதைக்கிறார். என் அம்மம்மா கேட்டால் சிரிப்பார்.

சோனகதெரு:
இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் முஸ்லிம், யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். தலையை மூடுவதில்லை. என் மூத்த மகள் மூடுகிறாள். அதில் எங்கள் வீட்டில் நடக்கும் சண்டைக்குப் பக்கத்தில் இதெல்லாம் சும்மா.

கரவெட்டி அண்ணா, ஷரியா மத்தியஸ்தத்தை ஒன்டாரியோவில் முன்னால் நின்று எதிர்த்தது யார்? முஸ்லிம் பெண்கள். 1991 மத்தியஸ்தச் சட்டத்தின் கீழ் யூதர்கள் தங்கள் மதச் சபைகளில் குடும்ப வழக்குகளைத் தீர்த்து வந்தார்கள், அந்த வாசல்தான் எங்கள் ஆட்களும் கேட்டது. இதை ஆராய அரசு நியமித்த மரியன் பாய்டின் அறிக்கை 2004 டிசம்பரில் கொடுக்கலாம் என்றது. 2005 செப்டெம்பரில் முதல்வர் மெகின்டி முடியாது என்றார், 2006இல் எல்லா மதத்துக்குமே கதவைச் சாத்தினார்கள். அது எனக்குச் சரி. அங்கே ஒரு பெண்ணின் சொத்தும் பிள்ளையும் பறிபோகக்கூடும். தலையில் கிடக்கும் துணியால் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு என்ன பறிபோகிறது? இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். வேலி பார்க்கில் நான் உங்கள் பக்கம்தான். என் மகளை அப்படிப் பின்னால் உட்கார வைத்திருந்தால் அதிபரிடம் முதலில் போய்ச் சத்தம் போட்டிருப்பேன்.

முஸ்லிம்கள் பக்கத்துச் சனத்தோடு கலந்து வாழ்வதில்லை என்று எங்களைப் பொதுவாகச் சொல்வார்கள். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொல்லி விடுதலைப் புலிகள் முஸ்லிம்களான எங்களுக்குக் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். அதுவரை நாங்கள் கலக்காமலா இருந்தோம்? என் வாப்பாவின் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சைவர்கள். சண்டைக்கு எழுதவில்லை. இதை வாசித்தபோது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

எக்லின்டன்_வார்டன்:
அக்கா, இதற்கு நான் எழுத எதுவும் இல்லை.

கரவெட்டியான்:
தங்கச்சி, 1990 நடந்தது அநியாயம். அதை நியாயப்படுத்த என்னிடம் வார்த்தை இல்லை, தேடவும் இல்லை. விரல், கை என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அம்மம்மா விஷயமும் உண்மைதான், என் வீட்டிலும் நடந்தது.

ஆனாலும் சட்டத்தில் நான் முழுக்க மாறவில்லை. பொலிஸ், நீதிபதி என்றால் கட்டாயம் வேண்டும். பிள்ளை ஏழு வயதில் ஆசிரியரைக் கடவுள் மாதிரிப் பார்க்கும், அந்த இடத்தில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2024 பெப்ரவரியில் சட்டம் நிற்கும் என்றுதானே சொன்னது.

எக்லின்டன்_வார்டன்:
நின்றது 33ஆம் பிரிவின் தயவில். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இன்னொன்றும் தெரியும் அண்ணை. தன் அம்மா மாதிரி ஆடை போட்டவர்கள் கரும்பலகைக்கு முன்னால் நிற்கக்கூடாது என்பதையும் அது பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

குறும்பன்77:
பொட்டு அழகுக்கா, பக்திக்கா என்று எந்த அதிகாரி தீர்மானிப்பார்? ஸ்டிக்கர் பொட்டு கலாசாரம், திருநீறு மதம் என்று சுற்றறிக்கை வந்தால் சொல்லுங்கள்.

மலர்_மொன்றியல்:
எல்லோருக்கும் நன்றி. சோனகதெரு அக்கா, உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்டாரியோவில் இருக்கும் ஒட்டாவாவில் வேலை கிடைத்துவிட்டது. வாடகை குறைவு என்று வீடு மட்டும் ஆற்றுக்கு இந்தப் பக்கம், கியூபெக்கில் இருக்கும் கட்டினோவில் எடுக்கிறாள். காலையில் பாலத்தைத் தாண்டினால் அவள் ஆசிரியை, பின்னேரம் திரும்பி வந்தால் இல்லை. இங்கேயோ ஆசிரியர் பற்றாக்குறை என்று செய்தி. தாலி கேட்டேனே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கல்யாணம் தை மாதம்.