1971 எம்ஜிபி ரோட்ஸ்டர், உடம்பெல்லாம் துரு: எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதல்முயற்சி:

வணக்கம். 1971-ஆம் வருட எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது நிலையான கூரை இல்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பதினெட்டு வருடம் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டி. இன்ஜின் ஜாம் ஆகிச் சுற்ற மறுக்கிறது. டிரைவர் கால் வைக்கும் இடத்தில் தகடு போய்த் தரை தெரிகிறது. கதவுக்குக் கீழே ஓடும் சில் மட்டும் இரண்டு பக்கமும் வழவழவென்று நன்றாக இருக்கிறது.

நான் இதுவரை செய்த பெரிய வேலை, பைக்கில் கிளட்ச் பிளேட் மாற்றியது. வெல்டிங் இப்போதுதான் பழகுகிறேன். இரண்டு வாரம் லீவு போட்டிருக்கிறேன். கதவு, சீட், இன்ஜின், வயரிங் எல்லாவற்றையும் கழற்றி வெறும் ஓடாக்கிவிட்டு, துருவை வெட்டிப் புதுத் தகடு வைக்கலாம் என்று திட்டம். முதலில் இன்ஜினா, பாடியா?

பழைய ஸ்பேனர்:

தம்பி, தயவுசெய்து கதவைக் கழற்றாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. 1962-இல் வந்த முதல் வண்டியிலிருந்தே ஓடுதான் சேஸிஸ். ரோட்ஸ்டருக்கு மேலே கூரையும் இல்லை. அதனால் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் அந்த இரண்டு சில்தான். வெளியே தெரிவது ஒரு தோல் மட்டும். அதற்குப் பின்னால் செங்குத்தாக ஒரு தகடு, அதற்கும் உள்ளே உள்சில், அடியில் காஸில் ரெயில் எனப்படும் அடித்தகடு என்று ஒரு நீளமான பெட்டி. ஈரம் உள்ளே தங்கி, உள்ளிருந்து வெளியேதான் தின்னும். காலடித் தகடு ஓட்டையாகிப்போன வண்டியில் அதை ஒட்டிய சில் வழவழவென்று இருக்கிறது என்றால், எனக்கு அதுதான் முதல் சந்தேகம். பழைய துருவின் மேலேயே ஒரு மூடித் தகட்டை வைத்து வெல்ட் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து விற்பது இந்த வண்டிகளில் சகஜம். அசல் சில், முன் மட்கார்டுக்கும் பின் மட்கார்டுக்கும் உள்ளே நுழைந்து போகும். முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, கழற்றிப் பார்க்கலாம். சில் அங்கே தொடராமல் மட்கார்டு ஓரத்திலேயே முடிந்துவிட்டால் அது மூடித் தகடுதான்.

இன்றைக்கே ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சில் முழுக்க ஓட்டிப் பாருங்கள். பிடி தளரும் இடமெல்லாம் பட்டி. பிறகு ஸ்க்ரூ டிரைவரால் அடிப்பக்கம் குத்துங்கள். குத்தத் தயங்க வேண்டாம், நல்ல இரும்பு தாங்கும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் எம்ஜிபியில், நீங்கள் சொன்ன மாதிரியே கதவையெல்லாம் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு சில்லையும் ஒரே நாளில் வெட்டினேன். புதுசை அழகாக வெல்ட் செய்தேன். மூன்று மாதம் கழித்துக் கதவை மாட்டினால், பூட்டு பக்கம் மேல்மூலை மட்கார்டில் போய் இடித்தது. ஓடு நடுவில் தொய்ந்த நிலையிலேயே நான் அதைப் பூட்டிவைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் திரும்ப வெட்டினேன். அன்று ராத்திரி கொட்டகையில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எடை முழுதும் முன் சஸ்பென்ஷனிலும் பின் ஆக்ஸிலிலும் இறங்கும்படி ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜாக்கியை நம்பி மட்டும் கீழே போகாதீர்கள். கதவு மூடிய நிலையில் நாலாபக்கமும் இடைவெளியை அளந்து எழுதுங்கள். கதவுச் சட்டத்தின் குறுக்கே, கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு, கதவு திறந்து மூட இடம் விட்டு உள்பக்கமாக ஒரு இரும்புக் குழாயை வெல்ட் செய்யுங்கள். ஒரு பக்கம் முழுசாக முடிந்த பிறகே அடுத்த பக்கம். நாலு வெல்டிங் புள்ளி வைத்தால் கதவை மூடிப் பாருங்கள், திரும்ப நாலு புள்ளி. நீளமாக இழுத்தால் சூட்டில் தகடு நெளியும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிடுங்கள்.

நீலப்புகை:

அண்ணன் சொன்ன சில் விஷயத்தில் மறுபேச்சு இல்லை. ஆனால் காந்தச் சோதனை முடிந்ததும் இன்ஜினைத் தொடலாம் என்பது என் கருத்து. அது ஊறுவதற்கே நாளாகும். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி, ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணவே கூடாது. பிஸ்டன் ரிங் வார்ப்பிரும்பு, ஒட்டிக்கொண்டிருக்கும்போது இழுத்தால் உடைந்துவிடும். 1798 சிசி, கிராங்க் ஷாஃப்டைத் தாங்க ஐந்து மெயின் பேரிங் உள்ள இன்ஜின் இது. முரட்டுத்தனமானது, பொறுமையாக இருந்தால் திரும்ப வரும்.

பெட்ரோல் டேங்க் பக்கம் கிரைண்டரோ வெல்டிங்கோ வேண்டாம். காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி நிற்கும், வெடிக்கும். பழைய பிரேக் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் தனிப் பையில் போட்டு, எந்த இடம் என்று எழுதுங்கள். "இது மறக்காது" என்று தோன்றும் போல்ட்டுக்கும்தான்.

முதல்முயற்சி:

இருவருக்கும் நன்றி. காந்தம் வைத்தேன். வலது பக்கம் கதவின் பாதி நீளத்துக்கு மேல் பிடிக்கவே இல்லை. முன் மட்கார்டைக் கழற்றினேன். சில் உள்ளே போகவில்லை, ஓரத்தோடு நின்றுவிட்டது. பின்னால் பழைய சில்லின் மிச்சம் பிஸ்கட் தூள் மாதிரி கையில் உதிர்ந்தது. இடது பக்கம் காந்தம் முழுக்கப் பிடிக்கிறது.

சிலிண்டரில் எண்ணெய் ஊற்றியாயிற்று. கதவைத் தொடவில்லை. வலது கதவின் பின்பக்க இடைவெளி மேலே 2 மி.மீ, கீழே 6 மி.மீ. இது தொய்வுதானா?

பழைய ஸ்பேனர்:

பெரும்பாலும் தொய்வுதான். கீல் தேய்ந்திருந்தாலும் பின்மூலை மாறும், அதனால் முதலில் கதவைத் திறந்து கையால் தூக்கி ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். ஆட்டம் இல்லை என்றால், குழாயை வெல்ட் செய்வதற்கு முன் நடுப்பகுதிக்கு அடியில் அகலமான மரக்கட்டையை வைத்து ஜாக்கியால் நூல் நூலாகத் தூக்குங்கள். மேலும் கீழும் இடைவெளி ஒத்துவரும் இடத்தில் நிறுத்தி, அங்கே குழாயைப் பூட்டுங்கள். இடது பக்கத்தையும் கூடவே அளந்துகொண்டே இருங்கள். அளவுகளை இங்கே போடுங்கள், வெட்டுவதற்கு முன் சேர்ந்து பார்க்கலாம்.