ஓடு கெட்டியாக இருந்தால் முட்டை சுத்தமா?

கிளிஞ்சல்:
பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததிலிருந்து, என் பண்ணைக்கு வருகிறவர்கள் முட்டையைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். நாமக்கல் பக்கம் 22 வருடமாக முட்டைக்கோழி வளர்க்கிறேன். ஓடு கெட்டியாக இருந்தால் கிருமி உள்ளே போகாது. ஓடு கெட்டியாவது தீவனத்தில்தான் இருக்கிறது.

ஒரு முட்டையின் ஓட்டுக்கு 2 கிராம் கால்சியம் வேண்டும். கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்கிறது. அதில் 4 சதவீதம் கால்சியம் என்றால் 4.4 கிராம். உடம்பில் சேர்வது ஏறக்குறைய பாதிதான். எவ்வளவு இறுக்கமான கணக்கு பாருங்கள்! அதையும் மாவாக அரைத்துக் கொடுத்தால் பகலிலேயே குடலைக் கடந்துவிடும். ஓடு பெரும்பாலும் உருவாவதோ இரவில். கிளிஞ்சலையும் சுண்ணாம்புக்கல்லையும் குருணையாகப் போட்டால் அரைவைப்பையில் தங்கி, விடியும்வரை கரைந்துகொண்டிருக்கும். இதைச் செய்யாதவன் பண்ணையில்தான் ஓடு கெட்டிப்படாத தோல்முட்டையும் கீறல் முட்டையும். கிருமி அங்கேதான் நுழைகிறது.

நுண்ணோக்கி:
ஐயா, குருணைக் கணக்கில் எனக்கு மறுப்பில்லை, முடிவில்தான் மறுப்பு. சால்மோனெல்லா என்டெரிடிடிஸ் என்ற பாக்டீரியா வகை கோழியின் சினைப்பையிலேயே குடியேறும். மஞ்சள் கரு உருவாகும் இடத்திலேயே அது இருக்கும்போது, பிறகு மேலே போர்த்தும் ஓடு எவ்வளவு தடிமனாக இருந்து என்ன பயன்? திருடன் வீட்டுக்குள் படுத்திருக்கும்போது கதவைப் பூட்டுவதுதான் இது. பிரிட்டனில் 1988இல் முட்டைப் பீதி கிளம்பி ஓர் அமைச்சரே பதவி விலகினார். அங்கே நிலைமையை மாற்றியதில் பெரும்பங்கு கோழிக்குப் போட்ட தடுப்பூசிக்கு. சுண்ணாம்புக்கல்லுக்கு அல்ல.

மொட்டைமாடி:
நாட்டுக்கோழி முட்டை வாங்குங்கள். இந்தத் தொல்லையே இல்லை.

நுண்ணோக்கி:
நாட்டுக்கோழிக்கும் குடல் இருக்கிறது. அது குப்பையைக் கிளறுகிறது, முட்டையை மண்ணில் இடுகிறது. இதற்கு மேல் என்ன சொல்ல?

அடுப்படி:
சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். முட்டை வாங்கி வந்ததும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவித்தான் குளிர்பெட்டியில் அடுக்குகிறேன். தவறா?

நுண்ணோக்கி:
வேண்டாம் அம்மா. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றை மூடியபடி மேலே ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. தேய்த்தால் அது போய்விடும். அதைவிட மோசமானது குளிர்ந்த நீர். உள்ளிருப்பது சுருங்கும்போது, துளைகள் வழியாக வெளியில் உள்ளது உறிஞ்சப்படும். முட்டை இடப்படும்போதும் இதுவே நடக்கிறது. கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி. வெளியே வந்ததும் முட்டை குளிர்கிறது, படலம் இன்னும் ஈரமாகவே இருக்கிறது. அந்தச் சில நிமிடங்களில் ஈர எச்சத்தின்மேல் உருண்டால் போதும். அமெரிக்காவில் கழுவுகிறார்களே என்பீர்கள். அவர்கள் முட்டையைவிடச் சூடான நீரில் கழுவி, அன்றிலிருந்து குளிரிலேயே வைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல்தர முட்டையைப் பொதுவாகக் கழுவக் கூடாது.

கிளிஞ்சல்:
வந்தீர்களா வழிக்கு! ஈர எச்சம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். எச்சம் ஏன் ஈரமாகிறது? தீவனத்தில் உப்பு கூடினால் கோழி தண்ணீராகக் குடித்துத் தண்ணீராகக் கழிக்கும். கோதுமையும் பார்லியும் அதிகம் சேர்த்தால், அதற்கான நொதி போடாவிட்டால், பசைபோல் ஒட்டும். சித்திரை வெயிலில் கோழி வாயைப் பிளந்து இரைக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து ஓடு மெலியும். அதற்கும் சமையல் சோடா கலந்து கொடுக்கிறோம். எல்லாம் தீவனம்தான் தம்பி.

நுண்ணோக்கி:
இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு மதிப்பெண். ஆனால் அதே தீவனமே கிருமியைக் கொண்டுவரவும் செய்யும். சரியாகக் காய்ச்சாத கருவாட்டுத்தூள், எலி ஓடும் கிடங்கு மூட்டை இரண்டும் போதும். இன்னொன்று கேட்கிறேன். கோழிக்கு வயதாகி முட்டை பெரிதாகி ஓடு மெலிந்தபின் என்ன செய்வீர்கள்?

கிளிஞ்சல்:
தீவனத்தை நிறுத்தி இறகு உதிர்ப்போம். சில நாள் பட்டினி, முட்டை நிற்கும், பிறகு புதுக்கோழிபோல் இடும். போன வருடம் ஒரு கொட்டகைக்கு அப்படித்தான் செய்தோம். கையில் எடுத்துத் தட்டினால் ‘டங்’ என்று ஓசை வந்தது. அவ்வளவு நல்ல ஓடு!

நுண்ணோக்கி:
அதுதான் ஐயா. அந்தப் பட்டினியில்தான் சால்மோனெல்லா தலைதூக்கும். கழுத்துப்பையில் தீவனம் இல்லை என்றால் அங்குள்ள நல்ல பாக்டீரியாவும் அதன் அமிலமும் குறையும், எதிர்ப்புச் சக்தியும் தளரும். பட்டினி கிடந்த கோழிகளுக்கு எளிதில் தொற்றுவதையும், அவை எச்சத்தில் கிருமியை அதிகம் வெளியேற்றுவதையும் ஆய்வுகளிலேயே பார்த்திருக்கிறார்கள். உங்கள் பண்ணையில் ஓடு மிக நன்றாக இருந்த நாட்களே ஆபத்து மிகுந்த நாட்களாக இருந்திருக்கலாம். தட்டிப் பார்த்தால் அது கேட்காது.

கிளிஞ்சல்:
தீவனம் தராததும் தீவனச் சங்கதிதானே என்று வாதாடலாம். வாதாடவில்லை. தீவனத்தை நிறுத்தாமல், தவிடு அதிகம் போட்டு இறகு உதிர்க்கலாம் என்று எங்கள் மருத்துவர் சொன்னார். நாள் கூடுதலாகும் என்று நான்தான் கேட்கவில்லை.

அடுப்படி:
அந்தக் கொட்டகையின் முட்டைகளை யார் வாங்கினார்கள்?

கிளிஞ்சல்:
பெரும்பாலும் மொத்த வியாபாரி. கீறல் விழுந்தவற்றை மட்டும் ஊருக்குள் ஒரு துரித உணவுக் கடைக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தோம்.

அடுப்படி:
அந்தக் கடையில் மயோனைஸ் உண்டா?

கிளிஞ்சல்:
நாளைக் காலை போய் விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.