மறுமொழி: டிராக்கிங் எரருக்குத் தமிழ் – 'தடப்பிழை' வேண்டாம் என்பேன்

அன்புள்ள குழுவினருக்கு,

ஒரு பங்குக் குறியீட்டை ஒட்டிப் போகும் நிதிகளுக்கு 'டிராக்கிங் எரர்' என்று ஒரு எண் போடுகிறார்கள். நம் சொற்பட்டியலில் அதற்கு என்ன தமிழ் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> டிராக்கிங் எரர் = தடப்பிழை. சுருக்கமாக இருக்கிறது, பார்த்ததும் புரிகிறது. புள்ளியியலில் 'திட்டப்பிழை' என்று பாடநூலிலேயே உண்டே.

'தடம்' எனக்கும் பிடித்திருக்கிறது. 'பின்தொடர்' என்று ஆரம்பித்தால் சொல் நீண்டுவிடுகிறது. 'தொடர்' என்று வெட்டினால் 'தொடர்பிழை', அதாவது ஓயாமல் நடக்கும் தவறு என்று ஆகிவிடும். ஆகவே தடம் இருக்கட்டும். என் வழக்கு 'பிழை'யோடுதான்.

இந்தச் சொல் யாருக்குத் தேவைப்படுகிறது என்று பார்ப்போம். டீமேட் கணக்கு திறந்த ஒருவர் நிஃப்டி 50 இடிஎஃப் ஒன்று வாங்க நினைக்கிறார், அதாவது நிஃப்டி 50 குறியீட்டில் உள்ள பங்குகளையே வைத்திருக்கும், பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கக்கூடிய ஒரு நிதி. தேடினால் அதே குறியீட்டுக்குப் பல நிறுவனங்களின் இடிஎஃப்கள் வந்து நிற்கின்றன. எல்லாவற்றிலும் அதே ஐம்பது பங்குகள், அதே விகிதத்தில். எதை எடுப்பது? (ஒரு யூனிட்டின் விலை குறைவாக இருப்பதை மலிவு என்று நினைத்து எடுப்பவர்கள் உண்டு. யூனிட்டை எவ்வளவு சின்னதாக வெட்டியிருக்கிறார்கள் என்பதைத் தவிர அந்த விலை வேறு எதையும் சொல்லாது.) அப்போது கண்ணில் படுவது இரண்டு எண்கள். ஒன்று செலவு விகிதம் (நிதியை நடத்த அதன் பணத்திலிருந்து ஆண்டுக்கு எடுக்கும் சதவீதம்), இன்னொன்று டிராக்கிங் எரர். அதைத் 'தடப்பிழை 0.03%' என்று தமிழில் படித்தால் அவர் என்ன நினைப்பார்? பிழையே இல்லை, இதுதான் நல்ல நிதி என்றுதானே?

அந்த எண் அதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நிதியின் ஈட்டத்திலிருந்து குறியீட்டின் ஈட்டத்தைக் கழிக்கிறார்கள். கிடைக்கும் வித்தியாசங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று திட்ட விலக்கம் போட்டு, அதை ஆண்டுக் கணக்காக்குகிறார்கள். ஆக, வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது அதில் இல்லை, எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் இருக்கிறது. கிலோவுக்குத் தவறாமல் ஐம்பது கிராம் குறைத்து நிறுக்கும் கடைக்காரருக்கு இந்தக் கணக்கில் 'பிழை' பூஜ்யம்.

குறியீடு ஆண்டுக்கு 12% தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிதி தினமும் சீராகக் கொஞ்சம் கொஞ்சம் குறைந்து 11.5% தருகிறது. அதன் டிராக்கிங் எரர் ஏறக்குறைய பூஜ்யம். இன்னொரு நிதி ஒரு நாள் கூடி ஒரு நாள் குறைந்து, ஆண்டு முடிவில் 11.95%-ல் நிற்கிறது. அதன் டிராக்கிங் எரர் பெரிது. முதலாவதை எடுத்தவர் ஒரு லட்சம் போட்டு இருபது ஆண்டு விட்டுவைத்தால் கையில் சுமார் 8.82 லட்சம் வரும். குறியீட்டோடு அப்படியே போயிருந்தால் 9.65 லட்சம். எண்பதாயிரத்துக்கு மேல் போயிருக்கிறது, 'பிழை' இல்லாமலே. 'பிழை' என்ற சொல் அவரை நேராக அங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் என் குறை.

அவர் பார்க்க வேண்டிய எண் டிராக்கிங் டிஃபரன்ஸ், அதாவது ஒரு காலகட்டத்தில் நிதியின் ஈட்டத்துக்கும் குறியீட்டின் ஈட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். இந்தியப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2022 மே மாதச் சுற்றறிக்கையில் இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்கிறது. டிராக்கிங் எரரைத் தினமும் வெளியிட வேண்டும். பங்கு இடிஎஃப்களுக்கும் குறியீட்டு நிதிகளுக்கும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டிராக்கிங் டிஃபரன்ஸை 1, 3, 5, 10 ஆண்டுக் கணக்குகளாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். எனவே சொல்லும் ஒன்று போதாது, ஜோடியாக வேண்டும்.

> டிஃபரன்ஸுக்குப் 'பின்தங்கல்' என்று வைக்கலாமே? நிதி எப்போதும் குறியீட்டுக்குப் பின்னால்தான் நிற்கும்.

பெரும்பாலும் உண்மை. செலவு விகிதம் தினமும் கொஞ்சம் அரிக்கிறது, கையில் கொஞ்சம் ரொக்கம் சும்மா கிடக்கிறது, ஆண்டுக்கு இருமுறை நிஃப்டி பட்டியல் மாறும்போது வாங்கி விற்பதில் செலவாகிறது. ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் இருக்கிறது. தொலைக்காட்சியில் ஓடும் நிஃப்டியில் டிவிடெண்ட் சேராது. டிவிடெண்டைத் திரும்ப முதலீடு செய்யும் நிதியை அதோடு ஒப்பிட்டால் நிதி முந்திவிட்டதுபோலத் தெரியும். டிவிடெண்டையும் சேர்த்த மொத்த ஈட்டக் குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும் என்பது 2018 பிப்ரவரியிலிருந்து விதி. அப்படி ஒப்பிட்டும் அபூர்வமாக நிதி இம்மியளவு முந்துவது உண்டு. 'பின்தங்கல் கூட்டல் 0.02' என்று எழுத நேர்ந்தால் நன்றாக இருக்காது. நடுநிலையான சொல் வேண்டும். தட இடைவெளி என்கிறேன்.

> 'இடைவெளி' என்றால் இடிஎஃப்பின் சந்தை விலைக்கும் நிகர சொத்து மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தோடு குழம்பாதா?

நல்ல கேள்வி. நிகர சொத்து மதிப்பு என்பது ஒரு யூனிட்டுக்குப் பின்னால் நிதியிடம் உள்ள சொத்தின் மதிப்பு. குழம்பாமல் இருக்க அந்த வித்தியாசத்துக்கும் சேர்த்தே பெயரிட்டுவிடலாம்: விலை இடைவெளி. வெளிநாட்டுப் பங்குகளை வைத்திருக்கும் இடிஎஃப்களை நினைத்துப் பாருங்கள். இந்தியப் பரஸ்பர நிதிகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் 700 கோடி டாலர்தான் போடலாம். வெளிநாட்டு இடிஎஃப்களில் போடுவதற்குத் தனியாக 100 கோடி டாலர் வரம்பு. வரம்பு நிரம்பியதும் புது யூனிட் உருவாக்க முடியாது. வாங்க வருபவர்கள் நிற்கவில்லை என்பதால் சந்தை விலை மட்டும் சொத்து மதிப்பை விட்டு மேலே போனது. அந்த நேரத்தில் நிதி குறியீட்டை ஒழுங்காகவே ஒட்டிப் போய்க்கொண்டிருக்கலாம், அதாவது தட இடைவெளி சின்னது. வாங்கியவர் கொடுத்த விலை இடைவெளியோ பெரிது. இரண்டுக்கும் ஒரே 'இடைவெளி' வருவது நல்லது என்றுகூடத் தோன்றுகிறது. ஒன்று நிதிக்கும் குறியீட்டுக்கும் நடுவே, மற்றது சந்தைக்கும் நிதிக்கும் நடுவே. வாங்குபவர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

மீதி இருப்பது டிராக்கிங் எரர். 'தட விலக்கம்' கணக்குப்படி சரி, ஆனால் இரண்டு சிக்கல். தமிழ்நாட்டுப் பாடநூலில் 'திட்ட விலக்கம்', இலங்கையில் 'நியம விலகல்'. எதை எடுத்தாலும் ஒரு பக்கம் அந்நியமாகும். அப்புறம் விலக்கம் என்பது காதில் இடைவெளி மாதிரியே விழுகிறது. நிலையாக இல்லாமல் ஆடுவதைச் சொல்ல அலைவு போதும்: தட அலைவு. புணர்ச்சி விதிப்படி 'தடவலைவு', 'தடவிடைவெளி' என்று சேர்த்து எழுதச் சொல்லி யாராவது வருவார்கள். தயவுசெய்து இடம் விட்டே எழுதுவோம்.

இந்தியாவின் முதல் இடிஎஃப்பான நிஃப்டி பீஸ் 2001 கடைசியிலேயே வந்துவிட்டது. 2015-லிருந்து பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியும் இடிஎஃப்களுக்குப் போகிறது. பங்குச் சந்தைப் பக்கமே போகாதவருக்கும் இந்த எண்களில் பங்கு உண்டு, ஆகவே இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 'செலவு விகித'த்தில் யாருக்கும் தகராறு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். சொற்பட்டியலுக்கு என் வரைவு:

தட இடைவெளி – ஒரு காலகட்டத்தில் நிதி தந்த ஈட்டத்துக்கும் அதன் குறியீடு (டிவிடெண்ட் சேர்த்து) தந்த ஈட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்.

தட அலைவு – அந்த வித்தியாசம் நாளுக்கு நாள் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் ஆண்டு அளவு.

விலை இடைவெளி – இடிஎஃப் யூனிட்டின் சந்தை விலைக்கும் நிகர சொத்து மதிப்புக்கும் உள்ள வித்தியாசம். கூடுதலாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம்.

'ஈட்டம்' பற்றி இலங்கை நண்பர்கள் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது. அங்கே வேறு சொல் புழக்கத்தில் இருந்தால் அதையும் பக்கத்தில் போட்டுவிடலாம்.