அப்பா லேப்டாப்பில் வைரஸ், அவசரம்

மகேஷ் ஜெலுத்தோங், இரவு 9.12
வணக்கம். அப்பா லேப்டாப்பில் வைரஸ் புகுந்துவிட்டது. திரையின் மூலையில் சிவப்புப் பெட்டி வந்துகொண்டே இருக்கிறது, ஒன்றை மூடினால் இன்னொன்று. இப்போது படங்களும் திறக்கவில்லை, பெயருக்குப் பின்னால் வேறு எழுத்து வந்திருக்கிறது. தண்ணீர்மலையில் தைப்பூசத்துக்கு எடுத்த படமெல்லாம் அதில்தான். என்ன செய்வது? சீக்கிரம் சொல்லுங்கள், அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

லோயாட் தம்பி, 9.17
பின்னால் எழுத்து மாறினால் ரான்சம்வேர்தான் அண்ணே, கோப்பைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரகம், சந்தேகமே வேண்டாம். ஸ்டாப் டிஜேவியூ வகையாக இருக்கும். கடையில் எத்தனையோ பார்த்தாச்சு. 980 டாலர் கேட்பான், 72 மணி நேரத்துக்குள் கட்டினால் பாதி விலை என்பான். பைசா கொடுக்காதீர்கள். என்ன கிராக் மென்பொருள், அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி, போட்டீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கவிதா பிறை, 9.20
எந்த விண்டோஸ்? பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது? பிரவுசரை மூடினாலும் வருகிறதா? மாறிய எழுத்து என்ன எழுத்து?

செந்தூல் சிவா, 9.24
எதற்கு இத்தனை கேள்வி? ஃபார்மட் அடித்துவிட்டுக் காசு கொடுத்து நல்ல ஆன்டிவைரஸ் வாங்கிப் போடுங்கள். ஓசியில் கிடைப்பதை நம்பினால் இப்படித்தான்.

பழைய சால்டர், 9.31
"உடம்பு சரியில்லை, மருந்து அனுப்பவும்" என்று டாக்டருக்குக் கடிதம் போடுவது மாதிரிதான் இங்கே எல்லாரும் எழுதுகிறீர்கள். எத்தனை வருடமாகச் சொல்கிறேன், கேட்க ஆளில்லை. சரி. ரான்சம்வேர் வந்ததை மறைக்காது, காசு கேட்கத்தானே வந்தது? தம்பி சொல்லும் வகை ஒவ்வொரு ஃபோல்டரிலும் "ரீட்மீ" என்று ஒரு கடிதம் போட்டுவிட்டுத்தான் போகும். கடிதம் இருக்கிறதா, இல்லையா? பார்க்காமல் ஃபார்மட் அடிக்கச் சொல்பவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மகேஷ் ஜெலுத்தோங், 9.40
விண்டோஸ் 10. கிராக் எதுவும் போடவில்லை. கடிதம் இல்லை. பெட்டியில் ஆங்கிலத்தில் "உங்கள் சந்தா முடிந்தது, 5 வைரஸ் இருக்கிறது" என்று ஒரு ஆன்டிவைரஸ் கம்பெனி சின்னத்தோடு வருகிறது. அப்பா அதை வாங்கியதே இல்லை. மாறிய எழுத்து ஹெச், ஈ, ஐ, சி. எல்லாப் படத்திலும் இல்லை, இந்த வருடப் படத்தில் மட்டும்.

கவிதா பிறை, 9.44
மன்னிக்கவும் மகேஷ், சிரித்துவிட்டேன். இந்த வருடம் வீட்டில் யாராவது ஐபோன் வாங்கினார்களா? 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் படத்தை அந்த வடிவில்தான் சேமிக்கிறது. விண்டோஸ் 10இல் அதற்கான துணை நிரல் இல்லாவிட்டால் திறக்காது. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

மகேஷ் ஜெலுத்தோங், 9.47
ஆமாம், தங்கச்சி வாங்கினாள்!

லோயாட் தம்பி, 9.49
சரி, தோற்றுவிட்டேன். ஆனால் கிராக் போட்டால் அது வரும் என்பது உண்மைதான், பார்த்துக்கொள்ளுங்கள் லா.

பழைய சால்டர், 9.55
படக்கதை முடிந்தது. இப்போது பெட்டி. அதில் பொடி எழுத்தில் குரோம் என்றும், பக்கத்தில் ஏதோ வாயில் நுழையாத ஒரு தள முகவரியும் இருக்கும், உற்றுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் எதுவும் புகவில்லை. நாடகம் பார்க்கப் போன தளம் ஏதாவது "ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்தவும்" என்று கேட்டிருக்கும், அப்பா நல்ல பிள்ளையாக அழுத்தியிருப்பார். அறிவிப்பு அனுப்ப நாமே கொடுத்த அனுமதி அது, அதனால் வைரஸ் ஸ்கேன் போட்டால் ஒன்றும் கிடைக்காது. குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயருக்கெல்லாம் மூன்று புள்ளியை அழுத்தி நீக்குங்கள்.

அறிவன் தைப்பிங், 10.02
தலைப்பே பிழை. வைரஸ் என்பது இன்னொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு தன்னைத்தானே பெருக்கிக்கொள்வது. இது அது இல்லை. பொதுவாகச் சொல்ல "நச்சுநிரல்" என்ற அழகான சொல் இருக்கும்போது ஏன் வைரஸ், வைரஸ் என்கிறோம்?

செந்தூல் சிவா, 10.06
என் அம்மாவிடம் நச்சுநிரல் என்றால் எலி மருந்தா என்று கேட்பார்.

அறிவன் தைப்பிங், 10.09
அம்மாவுக்கு "கணினி" என்ற சொல்லும் ஒரு காலத்தில் புதிதுதான்.

பழைய சால்டர், 10.13
நிரலே இல்லாத இடத்தில் நச்சுநிரல் எங்கிருந்து வந்தது? இது வெறும் அறிவிப்பு. திருத்த வந்தவர் முதலில் பதிவைப் படிக்கலாம்.

லோயாட் தம்பி, 10.15
அம்மாவை விடுங்கள். சிவா அண்ணே, விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். காசு கொடுத்த ஆன்டிவைரஸ் இருந்திருந்தாலும் அந்த அலோவை யார் தடுப்பது?

செந்தூல் சிவா, 10.19
கடைக்காரர் ஓசியைப் பாராட்டுவதை இன்றுதான் பார்க்கிறேன்.

மகேஷ் ஜெலுத்தோங், 10.26
பட்டியலில் 7 தளம் இருந்தது, எடுத்தாச்சு. பெட்டி நின்றுவிட்டது, எல்லாருக்கும் நன்றி. அப்புறம் ஒரு சின்ன சந்தேகம். மதியம் அப்பா அந்தப் பெட்டியை அழுத்தினாராம். திரை முழுக்க ஒரு பக்கம் வந்து மூட முடியவில்லையாம், சத்தம் வேறு. அதில் இருந்த நம்பருக்கு போன் பண்ணியிருக்கிறார். ஏதோ ஒன்றை இறக்கச் சொன்னார்களாம், அப்புறம் மவுஸ் தானாக நகர்ந்ததாம். அதையும் நீக்க வேண்டுமா?

பழைய சால்டர், 10.28
வைஃபையை அணையுங்கள். இப்போதே, படித்து முடிப்பதற்கு முன். அப்பா பேங்க் பக்கத்தைத் திறந்தாரா? போனில் எதையாவது ஒப்புக்கொண்டு அழுத்தினாரா? கேளுங்கள்.

கவிதா பிறை, 10.30
மகேஷ், அட்டையின் பின்னால் இருக்கும் நம்பரில் பேங்கைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். கூகுளில் நம்பர் தேடாதீர்கள். அடுத்தது 997, மோசடிக்கான மலேசிய தேசிய எண். கடவுச்சொல் மாற்றுவதை உங்கள் போனில் செய்யுங்கள், அந்த லேப்டாப்பில் வேண்டாம்.

பழைய சால்டர், 10.41
போன் பேசி முடித்த பிறகு படிக்கவும். செட்டிங்ஸில் ஆப்ஸ் போய், ஏற்றிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். இன்றைய தேதியில் இருப்பதுதான் அவர்கள் இறக்கச் சொன்னது. தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருளாக இருக்கும். ஆபீஸ்களில் தினமும் பயன்படும் ஒழுங்கான பொருள், அதனால் எந்த ஆன்டிவைரஸும் கத்தாமல் போகலாம். அப்பாவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். மைக்ரோசாப்ட் தன் எச்சரிக்கையில் போன் நம்பர் போடுவதே இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? என் அக்காவும் இதே மாதிரி ஒரு நம்பரைக் கூப்பிட்டார். நான் அதே வீட்டில், பக்கத்து அறையில் இருந்தேன்.

செந்தூல் சிவா, 10.45
இப்போதாவது ஃபார்மட் அடிக்கலாமா?

பழைய சால்டர், 10.47
இப்போது அடிக்கலாம். படங்களைப் பென் டிரைவில் எடுத்த பிறகு. மவுஸ் அவர்கள் கையில் இருந்த நேரத்தில் இன்னும் என்னென்ன வைத்தார்கள் என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. 2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தமும் நின்றுவிட்டது, மெஷின் தாங்கினால் 11 போடுங்கள்.

மகேஷ் ஜெலுத்தோங், 11.48
கணக்கை நிறுத்தியாச்சு. 1,800 ரிங்கிட் போயிருக்கிறது. சந்தா காசைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி போனில் அழுத்தச் சொன்னார்களாம். 997க்கும் சொல்லியாச்சு. காலையில் போலீஸ் ரிப்போர்ட். அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

லோயாட் தம்பி, மறுநாள் காலை 8.05
அண்ணே, ஃபார்மட் அடிக்க ஆள் வேண்டுமென்றால் கொம்தாரில் எனக்குத் தெரிந்த பையன் இருக்கிறான், காசு வாங்கமாட்டான்.

அறிவன் தைப்பிங், மறுநாள் 1.20
தலைப்பை மாற்றச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அப்பாவுக்கு ஆறுதல் சொல்லுங்கள்.

கவிதா பிறை, மூன்று நாள் கழித்து
மகேஷ், போலீஸ் ரிப்போர்ட்டின் நகலை பேங்கில் கொடுத்தீர்களா? தங்கச்சி போனில் தைப்பூசப் படம் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.